ராசாங்கம் பின்னிய ஸ்வெட்டர்

குரும்பலூர் ராசாங்கத்துக்குச் சமைக்க வரும், படம் வரைய வரும், உல்லன் நூலில் பின்னவும் வரும். முதல் இரண்டையும் அவன் யாரிடமும் மறைத்ததில்லை. மூன்றாவது அவன் அம்மாவுக்கும் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்பா மதுரைவீரனும் அம்மா பொன்னாயியும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். வெங்காய நடவு, பருத்தி எடுப்பு என்று பொன்னாயி விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். அதனால் பத்து வயதிலேயே அடுப்பு ராசாங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டு அவன் வைக்கும் காரக்குழம்பை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போவார்கள்.

தங்கை குஞ்சம்மாள் ஏழாவது படிக்கும்போது, கைவேலை டீச்சர் பெண்பிள்ளைகள் எல்லோரும் ஆளுக்கொரு குல்லா பின்னிக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊசிக்குப் பதிலாக சைக்கிள் கடையில் சக்கரத்துக்குப் போடுகிற பழைய போக்ஸ் கம்பிகளை வாங்கி, முனையைக் கல்லில் தேய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள் குஞ்சம்மாள். இரண்டு வரிசைக்கு மேல் அவளுக்கு ஓடவில்லை. அழ ஆரம்பித்துவிட்டாள். ராசாங்கம் டீச்சர் கொடுத்த மாதிரித் துண்டை வாங்கிப் பார்த்தான். கொஞ்சம் பிரித்தான், திரும்பப் போட முயன்றான், திரும்பப் பிரித்தான். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி எப்படி நுழைந்து நிற்கிறது என்று புரிந்தபோது அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷம் பரீட்சையில் பாஸான போதுகூட வந்ததில்லை. குல்லாவை முடித்தது அவன்தான். பாராட்டு வாங்கியது குஞ்சம்மாள். அண்ணனும் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதிலிருந்து, வெயில் இறங்கி மழை பிடிக்கிற ஐப்பசி வந்தால் அவன் கை கம்பியைத் தேடும்.

1978-ல் அவன் அரியலூரில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ரயிலடிக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டின் பக்கவாட்டு அறை. உடன் தங்கியிருந்தவன் பூலாம்பாடி அரங்கநாதன், வகுப்புத் தோழன், காடு தோட்டம் உள்ள குடும்பத்துப் பையன். அரங்கநாதன் ஊரிலிருந்து அரிசி பருப்பு கொண்டுவருவான், ராசாங்கம் ஸ்டவ்வில் சமைப்பான். சமைக்கிறவன் யார், எந்தத் தெரு என்பதை அரங்கநாதன் தன் வீட்டில் சொன்னதில்லை. அவன் சொல்லவில்லை என்பது ராசாங்கத்துக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. மற்றபடி அவர்கள் ஒரே தட்டில் சாப்பிட்ட நாட்களும் உண்டு.

அரங்கநாதனுக்கு மழைக்காலத்தில் இழுப்பு வரும். பாயில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து, மூச்சுக்குத் தவிப்பான். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் ராசாங்கம் கடைத்தெரு ரிப்பன் கடையில் பச்சை உல்லன் நூல் வாங்கினான். "யாருக்குப்பா?" என்று கடைக்காரர் கேட்டார். "தங்கச்சிக்குங்க. கைவேலை வகுப்புக்கு" என்றான். பொய் சுலபமாக வந்தது.

சனி ஞாயிறுகளில் அரங்கநாதன் ஊருக்குப் போய்விட, கிடைத்த நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு பின்னினான். கை இல்லாத, கழுத்து ஏறிய ஸ்வெட்டர். முடிந்ததும், "பெரம்பலூர்ல தெரிஞ்சவங்க பின்னிக் குடுத்தாங்கடா. எனக்குச் சின்னதா இருக்கு. நீ போட்டுக்க" என்று கொடுத்தான். அரங்கநாதன் போட்டுப் பார்த்துவிட்டு, "அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்கேடா!" என்று ஆச்சரியப்பட்டான். ராசாங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசி களைந்தான். மிச்ச நூலில் அதே நிறத்தில் ஒரு குல்லாவையும் ஆரம்பித்தான்.

கல்லூரியில் ஓவிய மன்றம் என்று ஒன்று இருந்தது. தமிழ் விரிவுரையாளர் சாமிக்கண்ணு நடத்தினார். மழைக்காலத்துக் காடும் கல்லும்தான் வரைய நன்றாக இருக்கும் என்பது அவர் கட்சி. அதனால் ஐப்பசி, கார்த்திகை ஞாயிறுகளில் பையன்களையும் நாலைந்து பெண்களையும் எங்காவது அழைத்துப் போவார். ஒரு வாரம் ரஞ்சன்குடிக் கோட்டை, ஒரு வாரம் ஏதாவது ஏரிக்கரை. போகிற இடத்தில் கல் கூட்டி ராசாங்கம் சமைப்பான். கல்யாணப் பந்திக்குச் சமைப்பவர்கள் ஆண்கள்தானே, அதனால் அவன் கையில் கரண்டியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

மன்றத்தில் எல்லோரையும்விட நன்றாக வரைந்தவள் உடையார்பாளையம் சிந்தாமணி. அவர்கள் வகுப்புதான், தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பெண். அவள் அப்பா சிங்காரவேலு விவசாயி, கண்டிப்பானவர். சாமிக்கண்ணுவின் மனைவியும் கூட வருகிறார் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை விட்டார். சிந்தாமணி அதிகம் பேசமாட்டாள். உட்கார்ந்தால் பென்சிலும் அவளும்தான். ராசாங்கத்தின் படத்தை ஒருமுறை எட்டிப் பார்த்து, "கல்லு மாதிரியே இல்ல. துணி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். உண்மை என்பதால் அவனுக்குக் கோபம் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு கங்கைகொண்ட சோழபுரம் போனார்கள். அந்த வாரம் ஊருக்குப் போகாத அரங்கநாதனும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கூட வந்திருந்தான். காலையில் நல்ல வெயில். கோயிலுக்கு வெளியே மரத்தடியில் ராசாங்கம் சோறு வடித்து, காரக்குழம்பு இறக்கி முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. ஆளுக்கொன்றாகப் பாத்திரத்தையும் பைகளையும் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினார்கள். ராசாங்கத்தின் துணிப்பையைத் தூக்கி வந்தவன் வெள்ளைச்சாமி. எதையும் சத்தமாகச் சொல்கிற பையன்.

"ஆ! என்னடா இது, பைக்குள்ள கம்பி வெச்சிருக்கே?" என்று கையை உதறினான். துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது போக்ஸ் கம்பி. வெள்ளைச்சாமி பைக்குள் கைவிட்டு இழுத்தான். கம்பியோடு பாதிக் குல்லா வந்தது, பின்னாலேயே பச்சை நூல் உருண்டை உருண்டு ஓடியது.

"டேய், இங்க வாங்கடா! நம்ம ராசாங்கம் குல்லா பின்றான்டா!"

பையன்கள் கூடிவிட்டார்கள். ஒருவன் குல்லாவைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பை ஆட்டினான். "அடுத்தது என்னடா, பூக்கட்டப் போறியா?" என்றான் இன்னொருவன். "தாவணி எடுத்துக் குடுங்கடா இவனுக்கு!" மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அரங்கநாதனும் சிரித்தான். அதுதான் ராசாங்கத்துக்குத் தாங்கவில்லை.

"என்னுது இல்லடா அது!"

"பின்ன யாரோடது? உன் பையிலதான கெடந்துச்சு?"

மண்டபத்தின் மறுகோடியில் சிந்தாமணி தலையைத் துவட்டிக்கொண்டு, நனைந்த படத்தாளைத் தூணில் ஒட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் இங்கே நடப்பது எதுவும் அவள் காதில் விழவில்லை. ராசாங்கத்தின் கண் அவள் மேல் போய் நின்றது.

"சிந்தாமணியோடது. அது பையில எடம் இல்லன்னு எங்கிட்ட குடுத்து வெச்சுச்சு" என்றான்.

சிரிப்பு நின்றது. வெள்ளைச்சாமி குல்லாவைப் பார்த்தான். பிறகு அரங்கநாதனின் மார்பைப் பார்த்தான். அதே பச்சை, அதே பின்னல்.

"ஓகோ!" என்று நீட்டிச் சொன்னான். "அப்ப இது அந்தக் கதையா?"

ராசாங்கம் அப்போதும் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. கேலி தன்னைவிட்டு வேறு பக்கம் போய்விட்டது என்கிற நிம்மதிதான் அந்த நேரத்தில் அவனுக்கு இருந்தது. இலை போட்டுச் சோறு பரிமாறினான். சிந்தாமணி, "கொழம்பு நல்லா இருக்கு" என்றாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அரங்கநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா. இந்த ஸ்வெட்டர சிந்தாமணிதான் எனக்குக் குடுத்துவிட்டுச்சா?" என்று கேட்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை ராசாங்கம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உம்" என்றான் ராசாங்கம்.

அந்த வாரம் முழுவதும் அரங்கநாதன் வெயிலடித்த நாளிலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினான். வகுப்பில் கரும்பலகையில் யாரோ அரங்கநாதன் பெயரையும் சிந்தாமணி பெயரையும் சேர்த்து எழுதி, பக்கத்தில் ஒரு ஸ்வெட்டர் படமும் போட்டிருந்தார்கள். சிந்தாமணி உள்ளே வந்து பார்த்தாள், ஒன்றும் புரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். பிறகு துடைப்பானை எடுத்து அழித்துவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவள் ஊர்ப்பக்கத்துப் பெண் ஜானகி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பஸ்ஸில் பையன்கள் பேசியதை உடையார்பாளையத்துக்காரர் யாரோ கேட்டுப் போய் சிங்காரவேலுவிடம் சொல்லிவிட்டார்.

"அவங்கப்பா காலேஜ நிறுத்திட்டாரு. எனக்குப் பின்னவே தெரியாதுப்பான்னு அழுவுது. பொட்டப்புள்ளைக்குப் பின்னத் தெரியாதுன்னா யாரு நம்புவா? தையில கல்யாணம் பேசறாங்களாம்" என்றாள் ஜானகி.

ராசாங்கம் அறைக்கு வந்தான். உலை வைத்தான். பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. உடனே, போனால் என்ன நடக்கும் என்றும் தோன்றியது. அந்தத் தெருவுக்குள் இன்னாருடைய மகன் என்று சொல்லிக்கொண்டு நுழைய வேண்டும். அடி விழலாம். அதைவிட, நான்தான் பின்னினேன் என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருநாள் உடையார்பாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான், பஸ் கிளம்பும்போது இறங்கிவிட்டான். இன்னொரு நாள் பாதி வழிவரை போய் இறங்கி, திரும்பி வந்தான். இதற்கிடையில் அரங்கநாதன், "நான் அவங்கப்பாவப் போயிப் பாக்கட்டாடா? எங்க வூட்ல சொல்லிப் பொண்ணு கேக்கச் சொல்லட்டா?" என்று யோசனை கேட்டான். ராசாங்கம் எழுந்து வெளியே போனான். அப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

மார்கழியில் ஒரு காலைப்பொழுது அவன் ஒருவழியாக உடையார்பாளையத்தில் இறங்கினான். வீட்டை விசாரித்துப் போனான். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சிங்காரவேலு மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். ராசாங்கம் செருப்பைத் தெருவிலேயே கழற்றினான்.

"ஐயா, நான் சிந்தாமணிகூடப் படிக்கிறவன்ங்க."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "நீதான் அந்த ஸ்வெட்டர்காரனா?"

"இல்லீங்க. அதப் பின்னினவன்."

அவர் புரியாமல் பார்த்தார். "யாரு பின்னினவன்?"

"நான்தாங்க பின்னினேன். கூடத் தங்கியிருக்கிற பையனுக்கு இழுப்புன்னு பின்னிக் குடுத்தேன். பசங்க கேலி பண்ணினாங்க. அதுக்குப் பயந்துகிட்டு சிந்தாமணி பேரச் சொல்லிட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"எந்த ஊரு நீ? யாரு மவன்?"

ராசாங்கம் சொன்னான். அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை. "ஏம்ப்பா, ஆம்பள ஸ்வெட்டர் பின்னினான்னு சொன்னா நான் கேட்டுக்கணுமா? அந்தப் பய சொல்லிக்குடுத்து அனுப்பிச்சானா?"

ராசாங்கம் இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். துணிப்பையிலிருந்து கம்பியையும் பாதிக் குல்லாவையும் எடுத்தான். வாசலோரம் துவைக்கிற கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தான்.

முதல் வரிசையில் இரண்டு கண்ணி நழுவின. அதை எடுத்துக் கோத்தான். அதற்குள் சிந்தாமணியின் அம்மா சின்னம்மாள் கதவருகே வந்துவிட்டாள். எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ராசாங்கம் தலையைத் தூக்காமல் வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனான். தெருவில் துணியில்லாமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது அவனுக்கு.

முதலில் சிரித்தது சின்னம்மாள்தான். "அடி ஆத்தே! என்ன வேகம் பாரு கையி!" எதிர்வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். சிங்காரவேலு சிரிக்கவில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதும், நிறுத்து" என்றார். "பெத்தவங்க கூலிக்குப் போயிப் படிக்க வெக்கிறாங்க. நீ இந்த வேல பாத்துகிட்டு, ஊரு புள்ள பேரக் கெடுத்துகிட்டுத் திரியறே."

"தப்புதாங்க" என்றான் ராசாங்கம்.

அப்போது சிந்தாமணி வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். நேரே அவன் முன்னால் வந்து நின்றாள்.

"நீ பின்னினேன்னு சொல்றதுக்கு உனக்கு வெக்கமா இருந்துச்சு. என் பேரச் சொல்றதுக்கு வெக்கமா இல்லையா?"

அவன் கம்பியையும் குல்லாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"எங்கப்பாகிட்ட சொன்னது பத்தாது. யாரு முன்னாடி என் பேரச் சொன்னியோ, அவங்க அத்தன பேரு முன்னாடியும் போயிச் சொல்லு. சார்கிட்டயும் சொல்லு."

"சொல்றேன்" என்றான். செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டே பஸ் நிற்கிற இடம்வரை நடந்தான்.

மறுநாள் சாமிக்கண்ணு வகுப்பு. அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. "அந்த ஸ்வெட்டர நான்தான் பின்னினேன். குல்லாவும் என்னுதுதான். சிந்தாமணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. நான் பொய் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னான். வெள்ளைச்சாமி விசில் அடித்தான். அதோடு ஆரம்பித்த சிரிப்பை சாமிக்கண்ணு மேசையைத் தட்டித்தான் அடக்க வேண்டியிருந்தது. கடைசி வருஷம்வரை அவனுக்கு 'குல்லாக்கா' என்றே பெயர். அது அவனை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. அவனைக் குத்தியது அரங்கநாதனின் முகம்தான். எல்லோரும் சிரிக்கும்போது அவன் மட்டும் சிரிக்காமல், குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மாலை ராசாங்கம் அறைக்கு வந்தபோது அரங்கநாதன் டிரங்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். ஸ்வெட்டர் மடித்துப் பாயின் மேல் கிடந்தது.

"டேய், மன்னிச்சுக்கடா."

"பொண்ணு கேக்கச் சொல்லி எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன்டா போன வாரம்" என்றான் அரங்கநாதன். "எங்கம்மா சரின்னுச்சு. இப்ப என்னன்னு போயிச் சொல்லுவேன்? நீ பின்னினதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா, நான் சிரிச்சிருக்க மாட்டேனேடா."

ராசாங்கம் மண்டபத்தில் கேட்ட அவனுடைய சிரிப்பை நினைத்துக்கொண்டான். ஆனால் அதைச் சொல்லிக் காட்டுகிற இடத்தில் தான் இல்லை என்று தெரிந்தது. அரங்கநாதன் வேறு அறைக்குப் போய்விட்டான். அந்த மழைக்காலம் முடிகிறவரை இருமிக்கொண்டே வகுப்புக்கு வந்தான்.

சிந்தாமணி பொங்கலுக்குப் பிறகு கல்லூரிக்குத் திரும்பினாள். கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆனால் ஓவிய மன்றத்துக்கு அவள் வரவில்லை. அவள் மட்டுமல்ல, வேறு எந்தப் பெண்ணும் வரவில்லை. இத்தனை பேச்சான பிறகு பெண்களை வெளியில் அழைத்துப் போவது வேண்டாம் என்று கல்லூரியில் பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ராசாங்கம் செய்ததற்கு அவனை ஒருவரும் மன்றத்தைவிட்டு நிறுத்தவில்லை. அவன்தான் போவதை நிறுத்திக்கொண்டான். சாமிக்கண்ணு கூப்பிட்டுக் கேட்டபோது, "நான் வர்றது சரியில்லைங்க சார்" என்றான். "நீ வராததுனால அந்தப் புள்ளைங்க வந்துடப் போவுதா?" என்றார் அவர் சலிப்பாக.

படிப்பு முடிந்து, இரண்டு வருஷம் அலைந்து, பெரம்பலூரில் ஒரு அரசாங்க ஆபீஸில் அவனுக்கு வேலை கிடைத்தது. ரெங்கம்மாளைக் கட்டிக்கொண்டான். ஒரு பெண் குழந்தை. வீட்டில் பாதி நாள் சமையல் அவன்தான். ரெங்கம்மாள் அதைப் பற்றித் தெருவில் பெருமையாகவே பேசுவாள். சிந்தாமணி விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

1986-ல் ஒருநாள் ஆபீஸில் சான்றிதழ் வாங்க வந்த கூட்டத்தில் சிந்தாமணி நின்றிருந்தாள். கையில் ஒரு பையன். அவள் முறை வந்தபோது ராசாங்கத்தை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

'நீ' என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவனுக்கு. "இருக்கேங்க. நீங்க?"

"செந்துறைப் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. இப்ப இங்கதான், அவருக்கு மாத்தல்."

"வரையறீங்களா?" என்று கேட்டுவிட்டான்.

"எங்கங்க! கோலம் போடறதோட சரி" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை வாங்கிக்கொண்டு, பையனைக் கையில் பிடித்துக்கொண்டு போனாள். அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை. ராசாங்கம் அதற்குப் பிறகு வந்த இரண்டு பேரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஏச்சு வாங்கினான்.

அன்று சாயங்காலம் ரெங்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். மண்டபத்தில் சொன்னது, பஸ்ஸில் 'உம்' கொட்டியது, உடையார்பாளையத்துக் கல்லில் உட்கார்ந்து பின்னியது, வகுப்பில் நின்றது. அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள். முடித்ததும், தைரியமாகத்தான் போய்ச் சொல்லியிருக்கிறாய் என்று அவள் சொல்வாள் என ஒரு மூலையில் எதிர்பார்த்தான்.

"அந்தப் பொண்ணு வூட்ல அடைஞ்சு கெடக்குன்னு தெரிஞ்சப்புறம் எத்தன நாளு கழிச்சுப் போனே?" என்று கேட்டாள் ரெங்கம்மாள்.

"மூணு வாரம்."

"மூணு வாரமா?" என்றாள். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.